நல்ல நாள் பார்த்து வைத்த கூட்டம்

எனக்குக் கோபம் வந்தால் மூச்சு வாங்கும்; மூச்சு வாங்கினால் இன்னும் கோபம் வரும். நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. போன மாசியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒண்ணு நீங்க அந்தச் சந்தை விட்டுப் போகணும், இல்லேன்னா அந்தப் புகை போகணும். மூணாவது வழி என்கிட்ட இல்லம்மா" என்று கையை விரித்துவிட்டார். நான் எதற்குப் போக வேண்டும்? எனக்குப் பின்னால் வந்தது புகைதான். அதுதான் போக வேண்டும்.

தி.நகரில் சங்குமணி சில்க்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் ஆறு மாடிக்குக் கண்ணாடி. வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், வெயில் காலத்தில் மோர் கொடுப்பார்கள். பின்னால் பன்னிரண்டு அடிச் சந்து. அந்தப் பக்கம் கடையின் முதுகு, இந்தப் பக்கம் எங்கள் மூன்று மாடி வீடு. பதினெட்டுக் குடித்தனம், முக்கால்வாசிப் பேர் கடையில் வேலை செய்கிறவர்கள். என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் மூன்றாம் மாடி பட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். வீடும் கடை முதலாளியுடையதுதான். ஆக, சோறும் அவர், கூரையும் அவர், புகையும் அவர்.

கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. முன்பெல்லாம் மாதத்தில் ரெண்டு நாள் ஓடும். இப்போது தினமும் ஓடுகிறது. கத்திரி வெயில் அந்தக் காலத்திலும் இருந்தது, ஆனால் படுக்கப் போகிற நேரத்தில்கூடச் சுவர் சுடுகிற வெயில் இப்போதுதான் வந்திருக்கிறது. ஊர் முழுக்க ஏசி. அத்தனையும் சேர்ந்து இழுக்கும்போது மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் பக்கத்து லைன் தாங்காமல் விழுந்துவிடும். உடனே ஜெனரேட்டர் உறுமும். ஆறு மாடியைக் குளிர வைக்க எங்கள் சந்தில் டீசலை எரிப்பார்கள். அந்தப் புகை ஊரை இன்னும் சூடாக்கும், ஊர் இன்னும் ரெண்டு ஏசி வாங்கும். படித்தவர்கள் இதைப் பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள். நான் என் அடுப்படி ஜன்னலில் நின்று தெரிந்துகொண்டேன்.

சித்திரை பிறந்ததும் இன்னும் ரெண்டு ஜெனரேட்டர் வரப் போவதாகச் செய்தி வந்தது. வைக்கப் போகிற இடம் சரியாக என் ஜன்னலுக்குக் கீழே.

முதலாளி சிதம்பரநாதன் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்குக் கூரைப்பட்டு எடுத்தபோது பணமே வாங்கவில்லை. எங்கள் தெற்கத்திக் கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. என்ன மனஸ்தாபம் வந்தாலும் வெளியே போய்ப் புகார் கொடுக்க மாட்டோம், சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்வோம். நானும் வடபழனியில் இருக்கிற சங்க அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டவர் சிரித்தார். தலைவர் நாற்காலியில் இருப்பதே அண்ணாச்சிதானே! அன்றைக்கே நேராக மாசு விஷயத்தைப் பார்க்கிற அரசு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

"ஏட்டி வடிவு, நீ செஞ்சது நல்லாவா இருக்கு? நாளைக்கு அவிய மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க அவிய மூஞ்சில முழிக்கணும்னா நான் மூச்சு விடாம கெடக்கணுமா?" என்றேன்.

அவருக்கும் இருமல் உண்டு. கேட்டால் துணித் தூசி என்பார். இருபத்திரண்டு வருஷமாக அதே தூசியாம்.

விசாரிக்க வந்த அதிகாரியின் பெயர் அன்புச்செல்வி. என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. "புது ஜெனரேட்டருக்கு இசைவு ஆணை தரணும்னா ஒரு வாரம் காத்தை அளக்கணும். அளந்த பிறகு ரெண்டு தரப்பையும் வச்சு ஒரு கூட்டம். எல்லாத்தையும் எழுதிக்குவேன். அதுக்கப்புறம்தான் முடிவு" என்றார். சட்டம் நல்ல சட்டம்தான். அளக்கிற செலவை இசைவு கேட்கிறவரே ஏற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதனால் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தைக் கடையே அழைத்துக்கொண்டு வந்தது.

எங்கள் மொட்டைமாடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள். உள்ளே வெள்ளைத் தாள். காற்றை இழுத்து அந்தத் தாளில் படியவிட்டு, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்ப்பார்களாம். வாரத்தில் ரெண்டு நாள். முதல் நாள் செவ்வாய், அடுத்தது அஷ்டமி விழுந்த சனிக்கிழமை.

எங்கள் சந்தைக் கூட்டுகிற பாஞ்சாலிதான் முதலில் சொன்னாள். கூவம் கரையில் இருந்தவளைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி விடிவதற்குள் வந்துவிடுவாள்.

"யக்கா, இன்னா இன்னைக்கு அதிசயமா கீது? கடைக்காரன் லாரி வச்சி சந்து பூரா தண்ணி அட்ச்சிகினு கீறான். நான் தொடப்பத்த தூக்கினு வந்தா, 'இன்னைக்கு நீ கூட்டாத, தூசி எழும்பும்'னு தொரத்துறான்."

அந்த ரெண்டு நாளும் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. கடையில் எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். "அதுல என்ன, கடையில ஆளே இல்ல" என்றார்.

ஏன் ஆளில்லை? அடுப்படியில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை யாரும் கூரைப்பட்டு எடுக்க மாட்டார்கள். அஷ்டமியன்று கட்டாயம் எடுக்க மாட்டார்கள். வியாபாரம் இல்லாத நாளாகப் பார்த்து அளக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. இருட்டில் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லாத நாள். முடிவு எப்படி வரும்? நூறுக்குள் இருக்க வேண்டிய தூசி அளவு எழுபத்தெட்டு என்று வந்தது. எங்கள் சந்துக் காற்று சுத்தம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைப் படித்துக்கொண்டே இன்ஹேலரை வாயில் வைத்து மருந்தை உறிஞ்சினேன்.

அந்த எண்ணோடு சண்டை போட்டால் தோற்றுவிடுவேன் என்பது தெரிந்தது. வேறு வழி தேடினேன். கடையின் பின்வாசலில் பழைய ஜெனரேட்டருக்கான ஆணையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாட்டித்தான் ஆக வேண்டுமாம். வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் மூன்று நாள் நின்று படித்தேன். ஏழாவது நிபந்தனை: புகைக்குழாய் கட்டடத்தின் உச்சியைவிட நாலரை மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்.

கடையின் மொட்டைமாடியில் ஒரு வெள்ளி நிறக் குழாய் இருக்கத்தான் செய்கிறது. கடை கட்டின நாளிலிருந்து நிற்கிறது. ஆனால் இந்த வெயிலில் ஒரு காக்கா, உடைந்த பிளாஸ்டிக் ஹேங்கரைக் கவ்விக்கொண்டு போய் அந்தக் குழாய் வாயில் கூடு கட்டியதை நான் பார்த்தேன். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும்போதே அது சாவகாசமாகக் குச்சி அடுக்கியது. புகை வருகிற குழாயில் எந்தக் காக்கா கூடு கட்டும்? உண்மையான புகை எங்கே வருகிறது என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் மாடியில், ஏசி பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி வலை இருக்கிறது. அதிலிருந்துதான் வருகிறது. கேட்டால் அது ஏசியின் சூட்டுக் காற்று என்பார்கள். கூட்டைப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாராம்; மறுநாளே கூட்டைக் கலைத்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. ரெண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற நாளைச் சொல்லுங்கள் என்று அன்புச்செல்வி கேட்டிருந்தார். நான் நேராக அண்ணாச்சியின் அறைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையிலிருந்த அளவுக் கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"வா வடிவு. நீ நம்ம பிள்ள. இப்படி ஊர் சிரிக்கப் பண்ணிட்டியே?" என்றார் அண்ணாச்சி.

"பேசித் தீத்துக்கிடுவோம் அண்ணாச்சி. ஒரு நல்ல நாளாப் பாத்து வைங்க. நல்லபடியா முடியணும்லா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மேஜை மேல் இருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "வைகாசி பதினாலு, புதன்கெழம. வளர்பிறை, முகூர்த்த நாள். ராகுகாலம் ஒன்றரைக்கு முடியுது. ரெண்டு மணிக்கு வச்சுக்கிடுவோம்."

"அதுவே வைங்க" என்றேன். வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததில் இருமல் வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் மூன்றாம் மாடியில், ஊழியர்கள் சாப்பிடுகிற அறையில். ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டுப் பிரிவு. பேரம், சிரிப்பு, மல்லிகை வாசனை எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும், வரும். ஜன்னலைத் திறந்தால் கீழே எங்கள் சந்து. அன்புச்செல்வி மேஜையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் அண்ணாச்சியும் அவருடைய இன்ஜினியரும். இன்னொரு பக்கம் நானும் சந்திலிருந்து துணிந்து வந்த நாலு பெண்களும். பாஞ்சாலி கதவோரம் நின்றாள். என் வீட்டுக்காரர் எந்தப் பக்கமும் நிற்காமல் தண்ணீர்ப் பானை அருகே நின்றார்.

எழுபத்தெட்டைப் படித்தார்கள். இன்ஜினியர் வெள்ளிக் குழாயின் வரைபடத்தை விரித்தார். நான் காக்காக் கூட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள்.

"மேடம், ரெண்டு வெள்ளைத் துணி போதும். ஒண்ணை மாடிக் குழாய்ல கட்டுவோம், ஒண்ணை ரெண்டாம் மாடிக் கம்பியில கட்டுவோம். ஜெனரேட்டரை அஞ்சு நிமிஷம் ஓட்டட்டும்" என்றேன்.

அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டுங்க சார்."

"ஓடாது மேடம்" என்றார் அண்ணாச்சி கண் இமைக்காமல். "சர்வீசுக்குப் பிரிச்சுப் போட்டிருக்கு. நாளைக்குத்தான் மெக்கானிக் வாரான். எங்க இனாயத்தைக் கூப்பிட்டுக் கேளுங்க."

இனாயத் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். கீழே சந்தில் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு என்ன உத்தரவு போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

"ஓடாட்டாலும் பரவால்ல, துணியக் கட்டி வைப்போம்" என்றேன்.

அண்ணாச்சிக்கு வேடிக்கையாகிவிட்டது. "ஏ சுயம்பு, உன் வீட்டுக்காரி துணி கேக்கா. எடுத்துக் குடேன்."

என் வீட்டுக்காரர் போனார். வெள்ளை மல் துணி ரெண்டு மீட்டர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் முன்னால் அதை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார், வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரியே. நடுவில் பல்லால் கடித்து நேராகக் கிழித்தார். அதிகாரி ரெண்டு துண்டிலும் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு இடத்திலும் வீட்டுக்காரரே கட்டிவிட்டு, வேர்த்து வழிந்து வந்து மறுபடி பானை அருகே நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி ரெண்டரை.

"சரிம்மா, ஓடாத மிஷினுக்குத் துணி கட்டி என்ன தெரியப் போகுது? வேற ஏதாவது சொல்லணுமா? இல்லேன்னா முடிச்சுக்கலாம்" என்று பேனாவை மூடினார் அன்புச்செல்வி.

"சொல்லணும் மேடம். நிறைய இருக்கு. எல்லாத்தையும் எழுதிக்குவேன்னு சொன்னீங்க."

பேனாவைத் திறந்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். முதல் வீட்டுக் கைக்குழந்தைக்கு ஏழு மாதத்தில் மூன்று தடவை நெபுலைசர். இரண்டாவது வீட்டில் வெளியே துணி காயப்போடுவதை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. மூன்றாவது வீட்டுக்காரம்மா இட்லி மாவைத் திறந்து வைத்தால் மேலே கருப்பு மிதக்கிறது. எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று நோட்டைப் பார்க்காமல் சொன்னேன். எனக்கு நோட்டு எதற்கு? எல்லாம் நெஞ்சுக்குள்ளேதான் இருக்கிறது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏழாவது வீட்டுக்கு வரும்போது ரெண்டு ஐம்பது.

ஒன்பதாவது வீட்டில் எனக்கு மூச்சு ஏறிவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. மருந்தை எடுத்து உறிஞ்சினேன். நெஞ்சுக்குள் விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும்.

"போதும் வடிவு, உடம்பக் கெடுத்துக்கிடாத" என்றார் அண்ணாச்சி. உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"உடம்பைக் கெடுத்தது நானா அண்ணாச்சி?" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கை மேஜையைப் பிடித்துக்கொண்டது. மணி மூன்று ஐந்து. விளக்குகள் எல்லாம் ஜோராக எரிந்துகொண்டிருந்தன. மற்ற நாளெல்லாம் டாணென்று போகிற கரண்ட் இன்றைக்குப் பார்த்துப் போக மாட்டேன் என்கிறது. பேச்சு நின்றால் கூட்டம் முடிந்தது. கூட்டம் முடிந்தால் ஜன்னலுக்குக் கீழே ரெண்டு லாரி ஜெனரேட்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யக்கா, நீ குந்து" என்று பாஞ்சாலி முன்னால் வந்தாள். "மேடம், நானும் சொல்லலாமா? நான் இந்தச் சந்துல குடித்தனம் கெடியாது. ஆனா பத்து வருசமா இங்க பெருக்கிகினு கீறேன்."

"சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"உங்க பொட்டி வச்ச அன்னிக்கு என்னிய பெருக்கக் கூடாதுன்ட்டாங்கோ. சொம்மா நிக்க வச்சி சம்பளம் குட்த்தாங்கோ. பத்து வருசத்துல அந்த ரெண்டு நாளுதான் எனக்கு ரெஸ்ட்டு! லாரில தண்ணி வந்துச்சு. பெரும்பாக்கத்துல எங்களுக்குக் குடிக்கவே தண்ணி வர்றதில்ல மேடம், இங்க ரோட்டுக்கு ஊத்துறாங்கோ. மத்த நாளு நான் வாரிக் கொட்ற தூசி இன்னா கலர்னு யாரும் கேக்கலியே? கரி, மேடம். சொம்மா கரிதான். எங்க ஊட்டாண்ட வந்து பாரு, ஊட்டுக்குப் போயி மூக்க சிந்துனா..."

அன்புச்செல்வியின் பேனா வேகமாக ஓடியது. "எந்தத் தேதி? யார் நிறுத்தினாங்க?" என்று கேட்டார். பாஞ்சாலி ஒவ்வொன்றையும் நீட்டி முழக்கிச் சொன்னாள். நடுநடுவே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். இன்ஜினியர் எழுந்து மறுத்துப் பேசினார், அவள் அவருக்கும் பதில் சொன்னாள். மணி மூன்று இருபது.

அப்போது கரண்ட் போனது.

ஏசி சத்தம் அடங்கியது. எங்கள் அறைக்கு ஜன்னல் உண்டு, பட்டுப் பிரிவுக்குக் கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. மற்ற நாளில் பத்து எண்ணுவதற்குள் விளக்கு வந்துவிடும். நான் எண்ணினேன். பத்து தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. கீழே இனாயத் உத்தரவுப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாளின் குரல் எழுந்தது. மயிலாப்பூர்க் குடும்பம் போலிருக்கிறது. "ஐயோ, கூரைப்புடவையைக் கையில எடுக்கறச்சே வெளக்கு அணைஞ்சுடுத்தே! வையிடி அதைக் கீழே. எழுந்திரு, எழுந்திரு, இந்தக் கடையே வேண்டாம்."

அவ்வளவுதான். பக்கத்துக் கூட்டமும் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. முகூர்த்த நாளில், வளர்பிறையில், கூரைப்பட்டு கையில் இருக்கும்போது விளக்கு அணைவது! அண்ணாச்சியின் தலைமுறையில் எந்தக் கடையிலும் நடக்கக் கூடாத காரியம் அது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதிகாரி இருப்பது, சர்வீஸ் என்று சொன்னது, துணி கட்டியிருப்பது எதுவும் அந்த முகத்தில் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"ஏல இனாயத்து! போடுல! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே? ஜெனரேட்டரப் போடுல!"

இனாயத் நிமிர்ந்து பார்த்தார். "போடட்டுமா முதலாளி? நிஜமா?"

"போடுங்கேன்!"

போட்டார். கட்டடமே அதிர்ந்தது. விளக்குகள் வந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் "அப்பாடா" என்றார்கள். ஜன்னலுக்குக் கீழே கம்பி வலையிலிருந்து முதல் மூச்சு குப்பென்று கருப்பாக வந்தது. வெள்ளைத் துணி வயிறு ஊதிக்கொண்டு எழும்பியது. அன்புச்செல்வி எழுந்து வந்து அண்ணாச்சியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். துணியின் நடுவிலிருந்து கருப்பு பரவியது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி போட்ட கையெழுத்துகூடத் தெரியவில்லை.

அண்ணாச்சி திரும்பினார். தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதிகாரியும் இன்ஜினியரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்தார்கள். குழாயில் கட்டின துணியை அன்புச்செல்வியே அவிழ்த்து எடுத்து வந்து மேஜையில் விரித்தார். கட்டின மடிப்புக்கூடக் கலையாமல் வெள்ளையாக இருந்தது.

"புது ஜெனரேட்டர் பத்திப் பேசவே வேண்டாம்" என்றார். "இருக்கிறதையே நிறுத்தச் சொல்லி எழுதப் போறேன். குழாய் நிஜமா மேல ஏறுற வரைக்கும் ஓடக் கூடாது. காத்தையும் மறுபடி அளக்கணும். இந்தத் தடவை தேதியை நான் முடிவு பண்ணிக்கிறேன்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று சத்தம் போட ஆசையாக இருந்தது. மூச்சு இல்லை. பாஞ்சாலி என் சார்பில் ஒரு விசில் அடித்தாள்.

ராத்திரி கடை மூடின கையோடு அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சந்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"சுயம்பு, உத்தரவு இன்னும் எழுதல. அதுக்குள்ள இது போய்ச் சேரணும். நீ கொண்டுவந்த துணியில ஏற்கெனவே அழுக்கு இருந்துதுன்னு ஒரு கையெழுத்து. கரண்ட் போன அவசரத்துல யாரும் கவனிக்கல, அவ்வளவுதான். உன் வேல, உன் வீடு, எல்லாம் அப்படியே இருக்கும். வடிவுக்கு நல்ல டாக்டர நான் பாக்கேன்."

என் வீட்டுக்காரர் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

"அண்ணாச்சி," என்றார். "நீங்க என்ன சொன்னாலும் செஞ்சிருக்கேன். சாயம் போற துணியச் சாயம் போவாதுன்னு சொல்லச் சொன்னிய, சொன்னேன். பழைய சரக்கப் புதுசுன்னு காட்டச் சொன்னிய, காட்டினேன். ஆனா இன்னைக்கு நான் விரிச்சது வெள்ளத் துணி. ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் காட்டிட்டுத்தான் கிழிச்சேன். அதக் கறுப்பாக்குனது உங்க கம்பி வலை. அந்தக் கறுப்பத்தான் இவ நாலு வருசமா நெஞ்சுக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கா. இதுல என் கையெழுத்து விழாது."

"அப்போ நாளைக்கு வேலைக்கு வராத" என்றார் அண்ணாச்சி.

"சரி அண்ணாச்சி."

"வீட்டையும் காலி பண்ணணும்."

"அதுக்கு நோட்டீஸ் குடுங்க" என்றேன் நான். மூச்சு எங்கிருந்தோ வந்துவிட்டது. "எழுத்துல குடுங்க. பதினெட்டு வீட்டுக்கும் சேத்துக் குடுங்க, இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு எல்லா வீட்டுப் பொம்பளையளும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். எந்த ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவணும்னு எனக்கு இப்போ தெரியும்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் நின்று இருமினார். பிறகு போய்விட்டார்.

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, உத்தரவு நகல் எப்பத் தருவாவளாம்?"

"நாளைக்கு. பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கா அந்தப் பொண்ணு."

"தனியாப் போவாத. நானும் வாரேன்" என்று எழுந்தார். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, கடைச் சட்டை அல்லாத ஒரு சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.